மருத்துவச் செலவு யாருடைய பொறுப்பு? நோய் வருமுன் வீட்டில் போட்டு வைக்க வேண்டிய கணக்கு

மருத்துவமனையில் பணம் கட்டும் இடத்துக்கு வந்து நின்ற பிறகுதான் பெரும்பாலான குடும்பங்கள் செலவைப் பற்றி யோசிக்கத் தொடங்குகின்றன. நகையை அடகு வைப்பதா, வட்டிக்கு வாங்குவதா என்று தவிக்கும் அந்த நேரத்தில், இந்தச் செலவில் வேறு யாருக்காவது பொறுப்பு உண்டா என்று எவருக்கும் கேட்கத் தோன்றாது. ஆகவே, வீட்டில் அனைவரும் நலமாக இருக்கும் ஒரு நாளில் குடும்ப அட்டை, ஆதார் அட்டைகள், சம்பளச் சீட்டு ஆகியவற்றை ஒன்றாக எடுத்து வைத்துக்கொண்டு, வீட்டிலுள்ள ஒவ்வொருவரின் பெயருக்கும் எதிரே, அவர் நோயுற்றால் செலவை ஏற்கக் கடமைப்பட்டவர் யார் என்று எழுதி வைக்க வேண்டும். தமிழ்நாட்டுக் குடும்பங்கள் அதைச் செய்யும் முறையையும், செலவு ஆண்டுதோறும் ஏறிவரும் நிலையில் அந்தச் சுமை யார் மேல் விழுவது நியாயம் என்பதையும் இங்கே சேர்த்தே எழுதுகிறேன்.

எழுதத் தொடங்குமுன் ‘இலவச சிகிச்சை’ என்ற சொல்லை மனத்திலிருந்து நீக்கிவிடுங்கள். வருமான வரி கட்டாத ஒருவரும் சோப்பு வாங்கும்போதும் செருப்பு வாங்கும்போதும் சரக்கு மற்றும் சேவை வரி கட்டுகிறார். அரசு மருத்துவமனையின் படுக்கை அந்தப் பணத்தில் வாங்கப்பட்டது. 2021-22ஆம் ஆண்டுக்கான தேசிய சுகாதாரக் கணக்கின்படி, நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 39.4 சதவீதத்தைக் குடும்பங்கள் தம் கையிலிருந்து நேரடியாகக் கொடுத்தன. 2013-14இல் அது 64.2 சதவீதமாக இருந்தது; அதே காலத்தில் அரசுகளின் பங்கு 28.6 சதவீதத்திலிருந்து 48 சதவீதமாக உயர்ந்தது. நிலைமை மேம்பட்டிருப்பது உண்மை. ஆயினும், வரி கட்டிய பிறகும் நூற்றுக்கு ஏறத்தாழ நாற்பது ரூபாயை நோயாளியின் வீடே தருகிறது என்பதை நான் சிறிய குறையாகக் கருதவில்லை.

முதலில் சம்பளச் சீட்டைப் பாருங்கள். பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் தொழிற்சாலையிலோ நிறுவனத்திலோ 21,000 ரூபாய் வரை மாத ஊதியம் பெறுபவர் இ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்துக்குள் வர வேண்டும். ஊதியத்தில் 0.75 சதவீதம் தொழிலாளியிடமிருந்து பிடிக்கப்படும், 3.25 சதவீதத்தை முதலாளி கட்ட வேண்டும். 20,000 ரூபாய் ஊதியத்துக்கு இது முறையே 150 ரூபாயும் 650 ரூபாயும் ஆகும். திருப்பூரிலும் அம்பத்தூரிலும் வேலை செய்யும் பல குடும்பங்கள் சீட்டில் இந்தப் பிடித்தம் இருப்பதைப் பார்த்தும், மனைவி, பிள்ளைகள், சார்ந்திருக்கும் பெற்றோர் ஆகியோரின் பெயர்களைப் பதிவு செய்யாமல் விட்டுவிடுகின்றன. பெயர் பதிவாகாதவரை, பணம் கட்டியும் அவர்களுக்குப் பயனில்லை. பிடித்தமே இல்லையென்றால், ஏன் இல்லை என்று நிறுவனத்திடம் கேட்பது தொழிலாளியின் உரிமை.

அடுத்தது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். 2012 ஜனவரியில் தொடங்கிய இத்திட்டம் 2018இல் ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்துடன் இணைக்கப்பட்டது. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். குடும்பத்தின் ஆண்டு வருமான வரம்பு 72,000 ரூபாயாக இருந்து 2022இல் 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று பெற்று, குடும்ப அட்டையுடனும் ஆதாருடனும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்தில் பதிவு செய்ய வேண்டும். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. குடும்ப அட்டையில் பெயர் உள்ளவர்களுக்கே காப்பீடு பொருந்தும் என்பதால், புதிதாக வந்த மருமகளின் பெயரும் பிறந்த குழந்தையின் பெயரும் அதில் சேர்ந்திருக்கின்றனவா என்று முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். அவசர நேரத்தில் இந்த ஒரு விடுபடலால் அலைந்த குடும்பங்களை நான் நேரில் கண்டிருக்கிறேன்.

அரசு மருத்துவமனைக்குச் செல்பவர்கள் ‘இங்கேதான் பணம் கேட்பதில்லையே’ என்று காப்பீட்டு அட்டையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறார்கள். அது தவறு. அங்கு நடக்கும் சிகிச்சைக்கும் காப்பீட்டுத் தொகை கோரப்படுகிறது. அந்தத் தொகை அந்த மருத்துவமனைக்கே வந்து சேர்கிறது. நீங்கள் அட்டையைக் காட்டினால், உங்களுக்குப் பின்னால் வரும் நோயாளிக்கான கருவிக்கும் கட்டிடப் பராமரிப்புக்கும் வழி பிறக்கிறது. தனியார் மருத்துவமனையாக இருந்தால், அது திட்டத்தின் பட்டியலில் உள்ளதா என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். உங்களுக்குத் தேவைப்படும் அந்தக் குறிப்பிட்ட சிகிச்சைக்கு அனுமதி பெற்றிருக்கிறதா என்றும் கேளுங்கள். அறுவை சிகிச்சைக்கு முன்னனுமதி வந்துவிட்டதா என்பதைக் காப்பீட்டுப் பிரிவில் உறுதிசெய்துகொள்ளுங்கள். என் உறவினர் ஒருவருக்கு அனுமதி வந்த பிறகும் ஒரு மருத்துவமனை பரிசோதனைகளுக்கென்று தனியாக முன்பணம் கேட்டது. நிர்ணயித்த தொகைக்குள் பரிசோதனையும் மருந்தும் படுக்கையும் அடங்கும் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாததால் கட்டிவிட்டோம். அப்படிக் கேட்டால் ரசீது கேளுங்கள். 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் அங்கிருந்தபடியே புகார் சொல்லுங்கள்.

சாலை விபத்துக்கு இந்த அட்டை எதுவும் தேவையில்லை. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் சிக்கிய எவருக்கும், அவர் எந்த ஊரைச் சேர்ந்தவராக இருந்தாலும், திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் செலவை, நிர்ணயித்த வரம்பு வரை அரசே ஏற்கிறது.

இவ்வளவையும் எழுதிய பிறகும் உங்கள் தாளில் ஒரு பெரிய இடம் காலியாக இருக்கும். சர்க்கரை நோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாதந்தோறும் கடையில் வாங்கும் மாத்திரையின் செலவு முதலமைச்சரின் காப்பீட்டில் வராது; அது பெரும்பாலும் உள்நோயாளியாகச் சேர்ந்த பிறகே துணைக்கு வருகிறது. குடும்பப் பணம் சிறிது சிறிதாகக் கரைவது இங்கேதான். இதற்கான வழி ஆரம்ப சுகாதார நிலையம். 1994இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகம் மாநிலம் முழுமைக்கும் மருந்துகளை மொத்தமாக ஒப்பந்தப்புள்ளி கோரி வாங்கி, மாவட்டக் கிடங்குகள் வழியாக அனுப்புகிறது. அதனால்தான் கடையில் வாங்கும் அதே மருந்தை அரசால் மிகக் குறைந்த விலைக்கு வாங்க முடிகிறது. 2021 ஆகஸ்ட் முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் அந்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. உங்கள் வீட்டு முதியவரின் பெயரை அதில் பதிவு செய்யுங்கள். ‘மருந்து இருப்பில் இல்லை’ என்று சொன்னால், மருந்தின் பெயரையும் தேதியையும் குறித்துக்கொண்டு 104 என்ற எண்ணில் தெரிவியுங்கள்.

ஏறிவரும் செலவைச் சமாளிக்க, அரசு மருத்துவமனையிலும் ஓரளவு கட்டணம் வாங்கலாம் என்று படித்தவர்களே சொல்லக் கேட்கிறோம். இதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. நோயுற்றவர் அந்த மாதக் கூலியை ஏற்கெனவே இழந்து நிற்பவர். அவர் கையில் பணம் மிகக் குறைவாக இருக்கும் நாளில் வசூலிக்கும் முறை எப்படி நியாயமாகும்? கட்டணத்துக்கு அஞ்சி ஒருவர் மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போட்டால், பின்னர் அவருக்கு ஆகும் செலவு பல மடங்காகிறது. சிறுநீரகம் செயலிழந்தவரின் டயாலிசிஸ் செலவைக் காப்பீடு ஏற்கிறது. அது செயலிழக்காமல் முன்பே காக்கக்கூடிய மாத்திரைக்கும் பரிசோதனைக்கும் பணம் ஒதுக்குவதே சிக்கனம். ஒன்றிய, மாநில அரசுகளிடையே வரியைப் பங்கிடப் பரிந்துரைக்கும் பதினைந்தாவது நிதிக்குழு, சுகாதாரச் செலவில் மூன்றில் இரண்டு பங்கு அடிப்படை மருத்துவத்துக்குச் செல்ல வேண்டும் என்றும், மாநிலங்கள் தம் பட்ஜெட்டில் 8 சதவீதத்துக்கு மேல் சுகாதாரத்துக்கு ஒதுக்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது.

மாநிலம் மட்டுமே இதைச் சுமக்க இயலாது என்பதும் உண்மை. அரசியலமைப்பின்படி பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் வருமான வரியின் மீது விதிக்கப்படும் 4 சதவீத சுகாதார, கல்வி மேல்வரி, மாநிலங்களுடன் பகிரப்படும் வரித் தொகுப்பில் சேர்வதில்லை. 50,000 ரூபாய் வரி கட்டுபவர் கூடுதலாகத் தரும் 2,000 ரூபாய், மருத்துவமனையை நடத்தும் அரசுக்கு உரிமையாக வருவதில்லை. காப்பீட்டிலும், முக்கியமாக 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பில் தகுதி பெற்ற குடும்பங்களுக்கே ஒன்றிய அரசு 60 சதவீதம் தருகிறது. மற்றவர்களின் செலவு பெரும்பாலும் மாநிலத்தின் மேல் விழுகிறது. சுகாதாரத்தின் பெயரில் வாங்கும் வரியை, சுகாதாரச் செலவைச் செய்பவருடன் பகிர வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும்.

கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. ஒவ்வோர் ஆண்டும் சட்டப்பேரவையில் வைக்கப்படும் மக்கள் நல்வாழ்வுத் துறையின் மானியக் கோரிக்கையில், அதாவது துறை தன் செலவுக்குப் பணம் கேட்கும் ஆவணத்தில், அறிவித்த தொகையை மட்டும் பார்க்காமல், ஆண்டின் இடையில் மாற்றிய திருத்திய மதிப்பீட்டையும் முந்தைய ஆண்டில் உண்மையில் செலவான தொகையையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பிறகு உங்கள் ஊருக்கு வாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காலியாக உள்ள பணியிடங்கள் எத்தனை, கடந்த ஓராண்டில் எந்தெந்த மருந்துகள் எத்தனை நாட்கள் இருப்பில் இல்லை என்ற இரண்டு கேள்விகளை மட்டும் எழுதி, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அனுப்புங்கள். பதிவு அஞ்சலில் அனுப்பி ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். 30 நாட்களில் பதில் வராவிட்டால் மேல்முறையீட்டுக்கு அதுவே ஆதாரம். கிடைத்த பதிலை மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாட்களில் கூடும் கிராம சபையில் வாசித்து, பணியிடத்தையும் மருந்தையும் குறிப்பிட்டுத் தீர்மானமாகப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். கையெழுத்திடும் முன், எழுதியதை ஒருமுறை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.