சி டிரைவில் கை வைக்கும் முன்

சேலம் செவ்வாய்ப்பேட்டை மண்டிகளில் கணக்கு போடும் கம்ப்யூட்டர்களில் சி டிரைவ் பெரும்பாலும் இடமில்லாமல் சிவப்பில்தான் நிற்கும். “அண்ணா, விண்டோஸ்.ஓல்டுன்னு ஒண்ணு 20 ஜிபி சும்மா கெடக்குது, தூக்கிரட்டுங்களா?” என்று பையன் கேட்பான். தூக்கலாம், உள்ளே பார்த்துவிட்டு.

விண்டோஸ் 10-லிருந்து 11-க்கு அப்கிரேடு செய்திருந்தால் பழைய சிஸ்டம் அதில் இருக்கும். 10 நாள் வரை பழையதற்கே திரும்பலாம். அப்புறம் விண்டோஸே அதை அழித்துவிடும். பார்மட் பண்ணாமல் புதிதாக விண்டோஸ் ஏற்றியிருந்தால்தான் வில்லங்கம். பழைய யூசர்ஸ் போல்டர் முழுக்க அதற்குள் போயிருக்கும். கணக்கு சாப்ட்வேரான டேலியின் டேட்டா வழக்கமாக இருப்பது அந்த யூசர்ஸில், பப்ளிக் போல்டருக்குள். கம்பெனிப் பெயர்கூட இருக்காது, 10000, 10001 என்று வெறும் எண்தான். குப்பை என்றுதான் தோன்றும். அதைப் பென்டிரைவில் எடுத்து, டேலியில் திறந்து, கடைசி பில் வரை இருக்கிறதா என்று பார்த்த பிறகு அழியுங்கள்.

காலியாக இருக்கிறதே என்று அழிப்பது இன்னொரு தவறு. 2025 ஏப்ரல் அப்டேட்டுக்குப் பின் ஐநெட்பப் என்று ஒரு வெற்று போல்டர் வந்தது. பாதுகாப்பு ஓட்டை ஒன்றை அடைக்க வந்தது அது. அழிக்க வேண்டாம் என்று மைக்ரோசாப்டே சொன்னது. அழித்திருந்தால் விண்டோஸ் பீச்சர்ஸில் ஐஐஎஸ்ஸை (இன்டர்நெட் இன்பர்மேஷன் சர்வீசஸ்) ஆன் செய்யுங்கள், திரும்ப வரும்.

விண்டோஸ் தன் சிஸ்டம் பைல்களை வைத்திருக்கும் வின்எஸ்எக்ஸ்எஸ் போல்டர் காட்டும் அளவை அப்படியே நம்பாதீர்கள். ஒரே பைல் இரண்டு இடத்தில் தெரிவதால் கணக்கு ஊதிக் காட்டும். டிஸ்க் கிளீனப் வழியாக மட்டும் குறையுங்கள். ‘அனுமதி இல்லை’ என்று விண்டோஸ் தடுத்தும், வீடியோ பார்த்து ஓனர்ஷிப் எடுத்து அழிப்பவர்களை என்ன சொல்ல!

எனக்கு அதிகம் எரிச்சல் தருவது விண்டோஸுக்குள் மறைந்திருக்கும் இன்ஸ்டாலர் போல்டரை அழிப்பதுதான். அன்றைக்கு ஒன்றும் ஆகாது, இடமும் கிடைக்கும். மாதங்கள் கழித்து ஏதோ ஒரு சாப்ட்வேரை அப்டேட் செய்யவோ நீக்கவோ போனால், அதை இன்ஸ்டால் செய்த எம்எஸ்ஐ பைல் எங்கே என்று கேட்டு நின்றுவிடும். அன்று அழித்தது யாருக்கும் நினைவிருக்காது, வைரஸ் என்பார்கள். ஏற்காட்டு எஸ்டேட் ஆபீஸில் மழைநாளில் நெட் விட்டு விட்டு வரும்போது, அந்த சாப்ட்வேரை முதலிலிருந்து டவுன்லோட் செய்து பாருங்கள், தெரியும்.

இடம்தான் வேண்டுமென்றால் செட்டிங்ஸில் சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி பைல்ஸ் போங்கள். அந்தப் பட்டியலில் டவுன்லோட்ஸும் இருக்கும். டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். ஜிஎஸ்டி பிடிஎஃப் எல்லாம் அங்கேதான் கிடக்கும்.