யூட்டா, எஸ்யூவியா? பிரிஸ்பேனுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

பிரிஸ்பேனில் வந்து இறங்கிய முதல் வாரமே கண்ணில் படுவது, பின்னால் தொட்டி வைத்த வண்டிகள். நம் ஊரில் அப்படி ஒன்று போனால் மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றிப் போகிறது என்று நினைப்போம். இங்கே அதில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட வருகிறார்கள், கோட்டு சூட்டு போட்டவர் ஆபீசுக்குப் போகிறார். பிக்கப் என்று சொன்னாலும் புரியும், ஆனால் இங்கே அதன் பெயர் யூட். 2016 முதல் 2022 வரை ஆஸ்திரேலியாவில் வருடா வருடம் அதிகம் விற்ற வண்டி டொயோட்டா ஹைலக்ஸ். 2023லும் 2024லும் ஃபோர்ட் ரேஞ்சர். இரண்டும் யூட்தான்.

வேலை நிலைத்து, வாடகை வீடு அமைந்து, முதல் ஈஸ்டர் விடுமுறை நெருங்கும்போது நமக்கும் அந்த ஆசை வந்துவிடும். எனக்கு வந்தது. நான்கு வருடம் யூட் ஓட்டினேன், இப்போது எஸ்யூவி. கீழே இருப்பது பாதி அனுபவம், பாதி தண்டச் செலவு.

முதலில் ஒரு வார்த்தை. வந்த முதல் வருடம் இரண்டுமே வேண்டாம். கோவில், மளிகைக் கடை, கோல்ட் கோஸ்ட், டூவூம்பா எல்லாவற்றுக்கும் நல்ல தார்ச்சாலை இருக்கிறது. பழைய கொரோலா ஒன்று போதும். கடற்கரை மணலில் ஓட்டிப் பார்க்க வேண்டுமென்றால் அதற்கென்றே நான்கு சக்கரமும் இழுக்கும் ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளை வாடகைக்கு விடுகிறார்கள், ஒரு வாரக் கடைசிக்கு எடுங்கள். சாதாரண வாடகைக் காரை மண் சாலையில் இறக்காதீர்கள். பெரும்பாலான ஒப்பந்தங்களில் அது தடை, இறக்கினால் காப்பீடும் கைவிட்டுவிடும்.

இந்த யூட் எப்படிப் பிறந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். 1932இல் விக்டோரியா மாநிலத்து விவசாயி ஒருவரின் மனைவி ஃபோர்ட் கம்பெனிக்குக் கடிதம் எழுதினாராம்: ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகவும் வேண்டும், திங்கட்கிழமை பன்றிகளைச் சந்தைக்கு ஏற்றிப் போகவும் வேண்டும், அதற்கு ஒரு வண்டி செய்து கொடுங்கள். ஜீலாங் ஆலையில் லூ பேண்ட் என்ற இளம் வடிவமைப்பாளர் வரைந்த வண்டி 1934இல் வெளிவந்தது. யூட் வேண்டுமா என்று என்னிடம் கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது இதைத்தான்: உங்களிடம் பன்றி இருக்கிறதா? அதாவது, வாரா வாரம் ஏற்ற அழுக்குச் சரக்கு ஏதாவது உண்டா?

இப்படிக் கேட்கக் காரணம் இருக்கிறது. எஸ்யூவியைவிட யூட் காட்டிலும் மேட்டிலும் கெட்டிக்கார வண்டி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. ரேஞ்சரின் எஸ்யூவி வடிவம்தான் எவரெஸ்ட். ஹைலக்ஸுக்கு ஃபார்ச்சூனர், இசுசு டி-மேக்ஸுக்கு எம்யூ-எக்ஸ். ஒவ்வொரு ஜோடிக்கும் அடிப்படைச் சேசிஸ் ஒன்று, என்ஜினும் பெரும்பாலும் ஒன்று, செங்குத்தான மேட்டில் மெதுவாக, பலமாக இழுக்க உதவும் லோ ரேஞ்ச் கியர் இரண்டிலும் உண்டு. ஆறும் தாய்லாந்தில் செய்து இங்கே வந்தவைதான். முன்பாதியில் பெரிய வித்தியாசம் இல்லை. நீங்கள் தேர்ந்தெடுப்பது பின்பாதியை.

ரேஞ்சரில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 3,270 மில்லிமீட்டர், எவரெஸ்ட்டில் 2,900. மேடு ஏறி இறங்கும்போது நீள வண்டியின் வயிறு முதலில் தட்டும், குறுகலான காட்டுப் பாதையில் திரும்பவும் சிரமம். ஆக, ஓட்டும் இடம் கடினமாக ஆக எஸ்யூவிக்குத்தான் சற்று சாதகம்.

அப்புறம் ஸ்பிரிங். பெரும்பாலான யூட்களின் பின்னால் லாரியில் இருப்பது போன்ற லீஃப் ஸ்பிரிங், இந்த எஸ்யூவிகளில் சுருள் ஸ்பிரிங். யூட் என்பது ஏறத்தாழ ஒரு டன் ஏற்றுவதற்காகச் செய்தது. காலியாக ஓட்டினால் குதிக்கும். வேகத்தடையில் பின் சீட்டில் இருப்பவர்கள் சாபம் கொடுப்பார்கள். மழையில் ரவுண்டானாவில் திரும்பும்போது கனமில்லாத பின்பக்கம் மெல்ல வழுக்கப் பார்க்கும். அந்த நேரத்தில் ஃபோர் வீலில் போடலாமே என்றால், பல யூட்களில் இருப்பது பகுதிநேர ஃபோர் வீல். பிடிப்புள்ள தார்ச்சாலையில் அதைப் போட்டு ஓட்டினால் கியர் இறுகிப் பழுதாகும். தார்ச்சாலையிலும் நான்கு சக்கரமும் இழுக்க வேண்டுமென்றால் பிராடோ, எவரெஸ்ட் மாதிரி வண்டிகளைப் பாருங்கள். வாங்கும்போது 'ஃபோர் வீல் இருக்கிறதா' என்று மட்டும் கேட்காமல் எந்த வகை என்று கேளுங்கள்.

தொட்டியைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். மளிகை வாங்கி வந்த முதல் நாள் 20 கிலோ அரிசி மூட்டை தொட்டியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குச் சறுக்கி, நடுவில் இருந்த தக்காளியைச் சட்னி ஆக்கிவிட்டது. மேல்மூடி போட்டாலும் மண் சாலையில் செம்புழுதி உள்ளே வந்துவிடும்; தொட்டியை முழுதாக மூடும், பூட்டக்கூடிய கேனோபி என்ற கூண்டு போட்டால் சில ஆயிரம் டாலர் போகும். பொருளைக் கட்டாமல் ஓட்டினால் அபராதம் உண்டு. இன்னொன்று, நம் ஊரில் குட்டியானையில் ஏறிக் குலதெய்வம் கோவிலுக்குப் போன பழக்கத்தில், பக்கத்துப் பூங்காவுக்குத்தானே என்று யாரையும் தொட்டியில் உட்கார வைத்துவிடாதீர்கள். சட்டப்படி குற்றம்.

குழந்தை இருக்கிற வீடாக இருந்தால் இந்த இடத்தை நிதானமாகப் படியுங்கள். ஏழு வயது வரை அங்கீகரிக்கப்பட்ட குழந்தை இருக்கை கட்டாயம். ஊரிலிருந்து பெட்டியில் கொண்டுவந்த இருக்கை இங்கே செல்லாது, ஆஸ்திரேலியத் தர முத்திரை வேண்டும். அந்த இருக்கையின் உச்சியில் ஒரு பட்டி இருக்கும், அதைப் பின்னால் கொக்கியில் மாட்ட வேண்டும். எஸ்யூவியில் இது ஒரு நிமிட வேலை. நான்கு கதவு யூட்டில் பின் சீட்டுக்குப் பின்னால் நேராக உலோகச் சுவர். பல மாடல்களில் பட்டியை ஒரு துணி வளையத்துக்குள் நுழைத்து, பக்கவாட்டில் கொண்டுபோய் மாட்ட வேண்டும், அதற்குச் சீட்டையே கழற்ற வேண்டியிருக்கும். முதல் தடவை எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது. அந்தச் சுவரால்தான் பின் சீட்டின் முதுகும் நெட்டுக்குத்தாக இருக்கிறது. தஞ்சாவூரிலிருந்து அப்பாவும் அம்மாவும் மூன்று மாதம் வந்திருந்தபோது, அம்மா சேலையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஏறிய ஒவ்வொரு முறையும், "ஏம்ப்பா, ஏணி ஒண்ணு வாங்கி வச்சுக்கயேன்" என்றார். யூட்டை விற்றதற்கு உண்மையான காரணம் அதுதான். எஸ்யூவியும் உயரம்தான், ஆனால் சாய்ந்து உட்காரலாம், ஏழு பேர் சீட்டும் கிடைக்கும்.

இன்னொரு தொல்லை நிறுத்துமிடம். இங்கே கார் நிறுத்தும் கட்டம் வழக்கமாக 5.4 மீட்டர் நீளம். நான்கு கதவு யூட் ஏறத்தாழ 5.3 மீட்டர். பின்னால் இழுவைக் கொக்கி இருந்தால் கட்டத்தை விட்டு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். எஸ்யூவி அரை மீட்டர் வரை குறைவு. அடுக்குமாடியில் குடியிருந்தால் டேப் எடுத்துப்போய் அளந்துவிட்டு ஷோரூம் பக்கம் போங்கள்.

அப்படியென்றால் யூட் யாருக்கு? எலெக்ட்ரீஷியன், தச்சர், தோட்ட வேலை, பண்ணை வேலை என்று கைத்தொழிலில் இருப்பவர்களுக்கு அதைவிட்டால் வேறு வண்டி இல்லை. சிமெண்டு மூட்டையை ஏற்றி, மாலையில் ஹோஸ் பைப்பால் தொட்டியைக் கழுவிவிடலாம். வரிச் சலுகையும் உண்டு. சுமார் 80,000 டாலருக்கு மேல் விலை போகும் எஸ்யூவிக்கு ஆடம்பரக் கார் வரி விழும், பெரும்பாலான யூட்கள் சரக்கு வண்டி என்பதால் தப்பித்துவிடும். கம்பெனி கொடுக்கும் யூட்டைச் சொந்த வேலைக்கு மிகக் குறைவாகப் பயன்படுத்தினால் ஊழியருக்குக் கொடுக்கும் வசதிக்காக முதலாளி கட்டும் வரியும் இல்லை. ஆனால் அதே வண்டியில் குடும்பத்தோடு இரண்டு வாரம் ஊர் சுற்றக் கிளம்பினால் அந்தச் சலுகை ஆட்டம் காணும். கிளம்பும் முன் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

எடைக் கணக்கில் எஸ்யூவிக்காரர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். விளம்பரத்தில் 3,500 கிலோ இழுக்கும் என்று இருக்கும். ஆனால் வண்டி தன்மேல் சுமக்கக்கூடியது பல எஸ்யூவிகளில் 650 கிலோ அளவுதான். கணவன், மனைவி, வயதான இருவர், இரண்டு பிள்ளைகள், அவர்களின் இருக்கைகள் சேர்த்து 340 கிலோ என்று வையுங்கள். வண்டிக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துப் போகும் தங்கும் அறைதான் இங்கே கேரவன்; 2,500 கிலோ கேரவன் கொக்கியின் மேல் அழுத்தும் எடை சுமார் 250. அதையும் வண்டியின் சுமையில்தான் சேர்க்க வேண்டும். மீதி 60 கிலோ. கங்காரு மோதினால் தாங்க என்று முன்னால் ஒரு இரும்பு புல் பார் மாட்டினால் அந்தக் கணக்கும் தீர்ந்தது. கூடாரம், ஐஸ்பெட்டி, தண்ணீர் கேனுக்கு இடமில்லை. அளவுக்கு மீறி ஏற்றி விபத்தானால் காப்பீட்டுப் பணம் கிடைப்பதும் சந்தேகம்தான். பெரிய கேரவன் இழுக்கும் திட்டம் இருந்தால் யூட் பக்கம் திரும்பி யோசிக்கலாம்.

மணலுக்கு வருவோம். குவீன்ஸ்லாந்தில் ஃபோர் வீல் ஆசையின் உச்சம் கெகாரி தீவு. 2023 வரை ஃபிரேசர் தீவு என்று அழைக்கப்பட்டது. உலகின் மிகப் பெரிய மணல் தீவு, 120 கிலோமீட்டருக்கு மேல் நீளம். ரெயின்போ பீச் அருகே இன்ஸ்கிப் முனையில் படகில் வண்டியோடு ஏறினால் போய்விடலாம். வாகன அனுமதிச் சீட்டை முன்கூட்டியே வாங்க வேண்டும். அங்கே கடற்கரைதான் நெடுஞ்சாலை. 80 கிலோமீட்டர் வேக வரம்பு, சீட் பெல்ட் கட்டாயம், போலீஸ் ஊதச் சொல்வதும் உண்டு. அலை வற்றும் நேரத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம்தான் ஓட்டப் பாதுகாப்பானது.

மணலில் மாட்டுவதற்கு யூட்டா எஸ்யூவியா என்பது பெரும்பாலும் காரணம் அல்ல, டயர் காற்றுதான். தார்ச்சாலையில் 35 பிஎஸ்ஐ இருப்பதை 18 அளவுக்கு இறக்க வேண்டும். டயர் பரந்து மணல் மேல் மிதக்கும். பிரைபி தீவில் முதல் தடவை 'கொஞ்ச தூரம்தானே' என்று காற்றை இறக்காமல் போய் அச்சு வரை புதைந்தேன். மீன் பிடிக்க வந்திருந்த ஒரு முதியவர், ஒன்றும் பேசாமல் என் நான்கு டயர்களிலும் காற்றை இறக்கிவிட்டு, சாவியை வாங்கி ஓட்டி வெளியே எடுத்துக் கொடுத்தார். மண்வெட்டி, காற்றடிக்கும் கம்ப்ரசர், சக்கரத்தடியில் வைக்கும் பலகை மூன்றும் இல்லாமல் போகாதீர்கள். கட்டி இழுக்க நேர்ந்தால், கேரவன் மாட்டும் உருண்டைக் குண்டில் பட்டையை மாட்டவே கூடாது. அது பிய்ந்து தெறித்தால் பீரங்கிக் குண்டுதான். இந்த நாட்டில் அப்படி உயிர்கள் போயிருக்கின்றன. சேசிஸில் அதற்கென்று போல்ட் போட்ட கொக்கி இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள்.

பழைய வண்டி வாங்குபவர்களுக்கு இரண்டு விஷயம். இந்தப் பகுதியில் விற்கும் ஃபோர் வீல்களில் பல உப்புத் தண்ணீரில் விளையாடியவை. பாலிஷ் பளபளப்பைப் பார்க்காமல் டார்ச் எடுத்துக்கொண்டு கீழே படுங்கள். சேசிஸின் உள்பக்கம், பின் ஸ்பிரிங் மாட்டும் இடம், ஸ்டெப்னி தொங்கும் இடம் இங்கெல்லாம் துரு செதில் செதிலாக உரிந்தால் எழுந்து வந்துவிடுங்கள். வண்டியின் மேல் கடன் இருக்கிறதா என்று அரசின் பிபிஎஸ்ஆர் பதிவேட்டில் 2 டாலருக்குத் தெரிந்துகொள்ளலாம். அதைப் பார்க்காமல் வாங்கினால் முந்தையவர் கடனுக்கு வண்டியைத் தூக்கிப் போக வாய்ப்புண்டு.

இன்னொன்று டீசல். புதிய டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் என்ற வடிகட்டி உண்டு. அந்தக் கரியை எரித்துத் தள்ள, வண்டி அவ்வப்போது நெடுஞ்சாலையில் அரை மணி நேரமாவது சூடாக ஓட வேண்டும். பள்ளிக்கூடம் 3 கிலோமீட்டர், ரயில் நிலையம் 2 கிலோமீட்டர் என்று மட்டும் ஓட்டும் வீட்டில் அது அடைத்துக்கொள்ளும், மாற்றும் செலவு ஆயிரக்கணக்கில் வரும். உங்கள் ஓட்டம் அவ்வளவுதான் என்றால் டொயோட்டா ஆர்ஏவி4 மாதிரி பெட்ரோல் ஹைபிரிட் எஸ்யூவி ஒன்று எடுங்கள். சரளைச் சாலை வரை தாராளமாகப் போகும். கெகாரிக்கு வருடத்துக்கு ஒரு முறை வாடகை வண்டி.