பையன் டீமுக்குள் வந்துவிட்டான்: அவன் பெயரைப் பார்த்துக்கொள்ளப் போகிற ஆளுக்கு

ஐபிஎல் ஏலத்திலோ டிஎன்பிஎல்லிலோ புரோ கபடியிலோ ஒரு பையனின் பெயர் வந்த அன்று ராத்திரியே அவன் வீட்டில் ஒருவர் ‘மேனேஜர்’ ஆகிவிடுவார். பெரும்பாலும் அண்ணன், இல்லையென்றால் மாமா, அதுவும் இல்லையென்றால் கூடவே ஆடிவிட்டுப் பாதியில் நிறுத்திய நண்பன். பெரிய வீரர்களுக்கு இந்த வேலைக்கென்றே ஏஜென்சி இருக்கிறது, வக்கீல் இருக்கிறார். உங்களிடம் இருப்பது அவனுடைய பாஸ்வேர்டு மட்டும். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எந்த நேரத்தில் ரீல்ஸ் போடலாம், போட்டோவில் எந்தப் பக்கம் நிற்கலாம் என்பதெல்லாம் இதில் வராது, அதை யாரும் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். என் கணிப்பில், செய்த தப்பு ஒரு வீரரின் பெயரைக் கெடுப்பதைவிட, அதைப் பற்றி முதல் நாள் சொன்ன கதையை மூன்றாம் நாள் மாற்ற வேண்டி வருவதுதான் அதிகம் கெடுக்கிறது. கீழே சொல்வது எல்லாமே அந்த நிலை வராமல் பார்த்துக்கொள்ளத்தான்.

பழைய குப்பையை முதலில் பாருங்கள்

2021 ஜூன் 2, லார்ட்ஸ் மைதானம். இங்கிலாந்துக்காக ஆலி ராபின்சன் தன் முதல் டெஸ்ட்டை ஆடிக்கொண்டிருந்தார். அவர் பந்து போட்டுக்கொண்டிருந்த அதே நாளில், 2012-13-ல் அவர் எழுதிய இனவெறி, பெண் வெறுப்பு ட்வீட்கள் வெளியே வந்து பரவின. அப்போது அவருக்குப் பதினெட்டு, பத்தொன்பது வயது. அன்று மாலையே மன்னிப்புக் கேட்டார். அந்த மேட்ச்சில் ஏழு விக்கெட் எடுத்தார், முதல் இன்னிங்ஸில் 42 ரன்னும் அடித்தார். ஆனாலும் அடுத்த டெஸ்ட்டில் இல்லை. பின்னால் 3,200 பவுண்ட் அபராதமும் எட்டு மேட்ச் தடையும் வந்தன. அதில் ஐந்தை நிறுத்திவைத்தார்கள், மூன்றை அவர் ஏற்கெனவே இழந்திருந்தார்.

இதைப் படித்துவிட்டு ‘நம்ம பையன் அப்படியெல்லாம் எழுத மாட்டான்’ என்று நினைக்காதீர்கள். நம் ஊரில் பதினைந்து வயதில் ட்விட்டரில் கணக்குத் தொடங்குகிற பையன் முக்கால்வாசி நடிகர் ரசிகர் சண்டைக்கோ தோனி-கோலி சண்டைக்கோதான் தொடங்குகிறான். அங்கே என்ன மொழியில் பேசிக்கொள்வார்கள் என்று உங்களுக்கே தெரியும். ஆகவே அவனுடைய எல்லாக் கணக்குகளின் தரவுப் பிரதியையும் முதலில் கேட்டு வாங்குங்கள். செட்டிங்ஸில் அதற்கு வழி இருக்கிறது, கோப்பு வந்துசேர ஒன்றிரண்டு நாள் ஆகலாம். அப்புறம் உட்கார்ந்து தேடுங்கள்: சாதிப் பெயர்கள், மதப் பெயர்கள், நிறத்தையும் உடம்பையும் கிண்டல் செய்யும் சொற்கள், நடிகைகளின் பெயர்கள், இப்போது அவன் கூட ஆடப்போகிற வீரர்களின் பெயர்கள், கோச்சின் பெயர். தமிழ் எழுத்தில் ஒரு முறை, தங்கிலீஷில் ஒரு முறை, எழுத்துப்பிழையோடு ஒரு முறை. மறந்துபோன இரண்டாவது ஐடி ஒன்று கட்டாயம் இருக்கும், அதைக் கேட்டே வாங்குங்கள்.

கிடைத்ததை அழிக்கலாமா? அழிக்கலாம். பதினாறு வயதில் உளறியதை இருபத்திரண்டு வயதில் நீக்குவது மோசடி இல்லை. ஆனால் பெயர் அறிவித்த ராத்திரியில் நானூறு பதிவுகளை ஒரேயடியாகத் தூக்கினால் அதுவே செய்தியாகிவிடும், அதனால் அடுத்த பெரிய தேர்வுக்கு வெகு முன்பே முடித்துவிடுங்கள். இன்னொன்று, அழித்த பிறகு யாராவது ஸ்கிரீன்ஷாட்டோடு வந்தால் ‘ஹேக் செய்துவிட்டார்கள்’ என்று சொல்லவே கூடாது. அந்தச் சாக்கை நம்புகிற காலம் போய்விட்டது, அதைச் சொன்ன ஆளை அந்த வார்த்தையை வைத்தே வருடக்கணக்கில் ஓட்டுவார்கள்.

பிரச்சினை வெடித்த நாள்

இதற்கு இரண்டு சம்பவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே பாதி புரிந்துவிடும்.

ஒன்று, 2018 மார்ச் 24, கேப்டவுன் டெஸ்ட். ஆஸ்திரேலியாவின் பான்கிராஃப்ட் ஒரு மஞ்சள் பொருளால் பந்தை விதிக்கு மாறாகத் தேய்ப்பதையும், அதை பேன்ட்டுக்குள் ஒளிப்பதையும் கேமரா பிடித்துவிட்டது. மாலை கேப்டன் ஸ்டீவ் ஸ்மித்தும் பான்கிராஃப்ட்டும் பிரஸ் மீட்டில் உட்கார்ந்து ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொண்டதுவரை சரி. ஆனால் அது மண் துகள் ஒட்டிய டேப் என்று பான்கிராஃப்ட் சொன்னார். ‘அணித் தலைமைக் குழு’வுக்குத் தெரியும் என்று ஸ்மித் சொன்னார். நான்கு நாளில் அது உப்புத்தாள் என்று விசாரணை சொல்லிவிட்டது. அந்தக் குழுவில் யார் யார் என்ற கேள்வி அன்றைக்குத் தொடங்கி, 2021-ல் பந்துவீச்சாளர்களுக்கும் தெரிந்திருக்கலாம் என்கிற தொனியில் பான்கிராஃப்ட் ஒரு பேட்டியில் சொன்ன பதிலால் மறுபடி கிளம்பி, பந்துவீச்சாளர்கள் சேர்ந்து மறுப்பு அறிக்கை விடும் அளவுக்குப் போனது. ஸ்மித்துக்கும் துணைக் கேப்டன் வார்னருக்கும் ஒரு வருடத் தடை, பான்கிராஃப்ட்டுக்கு ஒன்பது மாதம், அந்த ஐபிஎல்லும் போயிற்று, ஆஸ்திரேலிய வாரியத்துக்கு மூன்று வருட ஸ்பான்சராக வந்திருந்த மெகெல்லன் நிறுவனம் பாதியில் விலகியது. பந்தைத் தேய்த்ததற்கு சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலான ஐசிசி ஸ்மித்துக்குக் கொடுத்தது ஒரே ஒரு டெஸ்ட் தடையும் அந்த மேட்ச்சின் சம்பள அபராதமும்தான். மீதி எல்லாம் வாரியமும் மக்களும் கோபத்தில் கொடுத்தது, அந்தக் கோபத்தில் ஒரு பங்கு பொய்க்கானது.

இன்னொன்று, 2016 மார்ச் 7. டென்னிஸ் வீராங்கனை மரியா ஷரபோவா லாஸ் ஏஞ்சலஸில் பிரஸ் மீட் கூப்பிட்டபோது ஓய்வை அறிவிக்கப் போகிறார் என்றுதான் பலரும் நினைத்தார்கள். ஆஸ்திரேலிய ஓபனில் நடந்த ஊக்கமருந்துச் சோதனையில் தான் தோற்றுவிட்டதாக அவரே சொன்னார். மருந்தின் பெயர் மெல்டோனியம், பல வருடமாக எடுத்து வருகிறேன், அந்த ஜனவரி 1 முதல் அது தடைப் பட்டியலில் வந்ததை நான் கவனிக்கவில்லை, பொறுப்பு என்னுடையது என்றார். வேறு யாரும் கசியவிடுவதற்கு முன் சொன்னதால் கதையின் தேதி, மருந்து, காரணம் எல்லாம் அவர் சொன்ன வடிவத்திலேயே உலகம் முழுக்கப் போயிற்று. இதனால் தண்டனை வரவில்லை என்று நினைக்க வேண்டாம். நைக்கி உடனே ஒப்பந்தத்தை நிறுத்திவைத்தது, இரண்டு வருடத் தடை வந்தது, மேல்முறையீட்டில் அது 15 மாதமானது. ஆனால் ராக்கெட் கம்பெனியான ஹெட் அவரோடு நின்றது, நைக்கியும் பின்னால் திரும்பி வந்தது.

ஆகவே பிரச்சினை வந்ததும் நீங்கள் செய்ய வேண்டிய முதல் காரியம் பையனின் போனை வாங்கி வைப்பது. அடுத்து, கதவைச் சாத்திவிட்டு முழுக் கதையையும் கேளுங்கள். அப்பா அம்மா எதிரில் கேட்காதீர்கள், பாதியை விழுங்கிவிடுவான். என்ன நடந்தது, வேறு யாருக்குத் தெரியும், எந்தக் கேமராவில் எந்த வாட்ஸ்அப்பில் என்ன இருக்கிறது, இதுபோல் முன்னால் நடந்திருக்கிறதா. பிறகு அணியின் மீடியா மேனேஜருக்குச் சொல்லுங்கள், ஒப்பந்தப்படி அவர்களைக் கேட்காமல் வாயைத் திறக்க முடியாத நிலையில்தான் பெரும்பாலும் இருப்பீர்கள். ஸ்பான்சருக்கும் நீங்களே போன் செய்யுங்கள், டிவியில் பார்த்துத் தெரிந்துகொண்டால் அந்த உறவு அன்றோடு சரி. ஊக்கமருந்து, சூதாட்டம், போலீஸ் வழக்கு இந்த மூன்றிலும் ஒரு வரிகூட எழுதுவதற்கு முன் வக்கீல் வேண்டும்.

அறிக்கை நான்கைந்து வரி போதும். இந்த மாதிரி:

“நேற்றைய ஆட்டத்தில் நடுவரிடம் நான் பேசிய விதம் தவறு. அவரை நேரில் பார்த்து மன்னிப்புக் கேட்டேன். மேட்ச் ரெஃப்ரியின் விசாரணை நடக்கிறது, அதன் முடிவை ஏற்றுக்கொள்வேன். அதுவரை இதைப் பற்றி வேறு எதுவும் பேசப் போவதில்லை.”

என்ன செய்தான், யாரிடம் மன்னிப்பு, அடுத்து என்ன. அவ்வளவுதான் வேண்டும். ‘யார் மனதாவது புண்பட்டிருந்தால்’ என்று எழுதினால் புண்பட்டவர் மேலேயே பழி போடுகிற மாதிரி ஆகிவிடும். 2019 ஜனவரியில் ஒரு டிவி பேட்டியில் பெண்களைப் பற்றிப் பேசி மாட்டிக்கொண்ட ஹர்திக் பாண்டியா, நிகழ்ச்சியின் தன்மையால் கொஞ்சம் அடித்துச் செல்லப்பட்டுவிட்டேன் என்கிற தொனியில் மன்னிப்புக் கேட்டார். யாரும் சமாதானமாகவில்லை. இரண்டே நாளில் அவரும் கே.எல். ராகுலும் இடைநீக்கமாகி ஆஸ்திரேலியாவிலிருந்து வீடு திரும்பினார்கள், கடைசியில் ஆளுக்கு 20 லட்சம் அபராதம்.

விசாரணை முடியாத விஷயத்தில் பையனுக்கு உறுதியாகத் தெரியாத எதையும் எழுதாதீர்கள், மற்றவர் பெயரை இழுக்காதீர்கள். கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது என்றால் பிரஸ் மீட்டே வைக்காதீர்கள். கேப்டவுன் விவகாரத்தில் ஸ்மித் சிட்னி விமான நிலையத்தில் அப்பா பின்னால் நிற்க அழுதபடி பேசினார், ஆஸ்திரேலியாவின் கோபம் அன்றே கொஞ்சம் இறங்கியது. இரண்டு நாள் கழித்து வார்னரும் அழுதார், ஆனால் வேறு யாருக்குத் தெரியும் என்று கேட்டபோதெல்லாம் எழுதிக் கொண்டுவந்ததையே திருப்பிச் சொன்னார். ஜனங்கள் கண்ணீரை நினைவில் வைக்கவில்லை, நழுவியதைத்தான் வைத்தார்கள்.

எல்லாவற்றுக்கும் மன்னிப்புத் தேவையில்லை

ட்விட்டரில் பத்தாயிரம் பேர் திட்டினால் உடனே மன்னிப்பு எழுத உட்காரும் பழக்கம் வந்துவிட்டது. முதலில் அது தப்புதானா என்று பாருங்கள். 2019 மார்ச் 25, ஜெய்ப்பூரில் ஐபிஎல் ஆட்டம். பந்து போடும் முனையில், பந்து போடுவதற்கு முன்பே கோட்டைவிட்டு வெளியே போன பட்லரை அஸ்வின் ரன் அவுட் செய்தார். உலகமே ‘ஆட்ட தர்மம்’ என்று கத்தியது. அஸ்வின் அன்றே விதிக்குள்தான் செய்தேன் என்றார், அதற்கப்புறம் எத்தனை பேட்டியிலும், தன் யூடியூப் சேனலிலும் அதையேதான் சொன்னார். 2022 அக்டோபரிலிருந்து அந்த அவுட், நேர்மையற்ற ஆட்டம் என்ற விதியிலிருந்து சாதாரண ரன் அவுட் விதிக்கு மாற்றப்பட்டது. அன்றைக்கு ஒரு அரைகுறை மன்னிப்பு எழுதியிருந்தால் பிறகு வாதாட அவருக்கு இடமே இருந்திருக்காது.

சில நேரம் வாயைத் திறக்காமலே இருப்பது நல்லது. இதற்கும் ஹர்திக்தான் உதாரணம். 2024 ஐபிஎல்லில் ரோகித்துக்குப் பதில் மும்பைக்கு கேப்டனாக வந்ததற்காக மும்பையின் சொந்த மைதானமான வான்கடேயிலேயே கூச்சல் போட்டு விரட்டினார்கள், அணியும் கடைசி இடம். அவர் பதில் பதிவு போடவில்லை, ரசிகர்களைத் திட்டவில்லை, அழைக்கும்போதெல்லாம் டாஸுக்கு வந்து சிரித்தார். ஜூன் 29, பார்படாஸில் டி20 உலகக் கோப்பை இறுதிப் போட்டியின் கடைசி ஓவரை 16 ரன் காக்க அவர் போட்டார், இந்தியா ஜெயித்தது. ஜூலை 4 அன்று வெற்றி விழாவில் அதே வான்கடே அவர் பெயரைச் சொல்லிக் கத்தியது. ஆட்டம் கைகொடுக்காமல் போயிருந்தால் இந்த மௌனத்துக்கு இவ்வளவு மதிப்பு வந்திருக்காது என்பதும் உண்மைதான். இருந்தாலும் அந்த நான்கு மாதத்தில் அவர் எழுதியிருக்கக்கூடிய எந்தப் பதிலும் நிலைமையை மோசமாக்கியிருக்கும்.

மதம், சாதி, குடும்பம் என்று வசை வந்தால் அதற்கும் பையன் பதில் போட வேண்டாம், அவனுக்காகப் பேச வேண்டியது மற்றவர்கள். 2021 அக்டோபரில் இந்தியா பாகிஸ்தானிடம் தோற்றதும் பந்துவீச்சாளர் ஷமியின் மதத்தை இழுத்துத் திட்டினார்கள், அப்போது கேப்டனாக இருந்த கோலிதான் பிரஸ் மீட்டில் அதைக் கடுமையாகக் கண்டித்தார். உங்கள் வேலை ஸ்கிரீன்ஷாட்டும் இணைப்பும் எடுத்து வைத்து அணியிடம் கொடுப்பது, மிரட்டலாக இருந்தால் சைபர் கிரைமில் புகார் செய்வது. கமென்ட் பகுதியை சில நாள் மூடி வைத்தாலும் ஒன்றும் குடிமுழுகிவிடாது.

வக்கீல் நோட்டீஸ் அனுப்பி வாயை அடைக்கும் யோசனையை யாராவது சொல்வார்கள். அவதூறு பொய் என்று நிரூபிக்க முடிந்தால் மட்டும் செய்யுங்கள். ஊக்கமருந்துப் புகார் எழுதிய சண்டே டைம்ஸ் பத்திரிகை மேல் சைக்கிள் பந்தய வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் வழக்குப் போட்டார், 2006-ல் பத்திரிகை மூன்று லட்சம் பவுண்ட் கொடுத்துச் சமரசம் செய்தது. 2012-ல் அவர் குட்டு வெளிப்பட்டதும் அந்தப் பணத்தை அவர்கள் திருப்பிக் கேட்டார்கள், 2013 ஜனவரியில் அவரே டிவியில் ஒப்புக்கொண்டார். மருந்து எடுத்ததை மன்னித்தவர்கள்கூட உண்மை சொன்னவர்களை மிரட்டியதை மன்னிக்கவில்லை.

விளம்பரம், மைக், பாஸ்வேர்டு

காசு வாங்கிப் போடும் பதிவில் விளம்பரம் என்று தெளிவாகக் குறிப்பிட வேண்டும். பொய் விளம்பரத்தில் நடித்தால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முதல் முறை 10 லட்சம் வரை, மறுபடி என்றால் 50 லட்சம் வரை அபராதம், ஒன்றிலிருந்து மூன்று வருடம்வரை விளம்பரத்தில் நடிக்கத் தடையும் வரலாம். காசு வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டு விளம்பரத்தைத் தொடவே வேண்டாம். 2025 சட்டம் அதற்குச் சிறைவரை வைத்திருக்கிறது. ஸ்பான்சர் ஒப்பந்தத்தில் நன்னடத்தை என்றொரு பிரிவு இருக்கும், அதைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். ‘நிறுவனத்தின் கருத்தில்’ அவப்பெயர் வந்தால் ரத்து என்று இருந்தால், எதெல்லாம் அவப்பெயர் என்று எழுதித்தரச் சொல்லுங்கள்.

மைக் முன்னால் ஆங்கிலம் வராதே என்று பையன் பயப்பட்டால், தமிழில் பேசச் சொல்லுங்கள். 2020 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் வேகப்பந்து வீச்சாளர் நடராஜன் தமிழில் பேசினார், வர்ணனையாளர் முரளி கார்த்திக் மொழிபெயர்த்தார், அது அவருக்கு நல்ல பெயரைத்தான் வாங்கிக்கொடுத்தது. அரைகுறை ஆங்கிலத்தில் ஒரு சொல் தவறாக விழுந்து தலைப்புச் செய்தியாவதைவிட இது எவ்வளவோ மேல். அதே நடராஜன் 2023-ல் தன் சொந்த ஊரான சின்னப்பம்பட்டியில் கிரிக்கெட் மைதானம் திறந்தார்; நூறு ‘நன்றி’ பதிவுகளால் முடியாததை அது செய்யும்.

கடைசியாக, கணக்குகளின் மீட்பு மின்னஞ்சலும் போன் நம்பரும் பையன் பெயரில் இருக்கட்டும், உங்கள் பெயரில் வேண்டாம். பதிவு போட உரிமை உள்ளவர்கள் இரண்டு பேருக்கு மேல் வேண்டாம், இரண்டாம் கட்டச் சரிபார்ப்பைப் போட்டு வையுங்கள். நாளைக்கு அவன் பெரிய ஏஜென்சிக்குப் போகும்போது சாவியை ஒரே நாளில் கொடுத்துவிட்டு வர முடியும்.