ஷ்வேஷ்வே கோர்செட் என்னைக் கவுத்த கதை (என் அனுபவம்)

தென்னாப்பிரிக்காவுல டர்பன்ல கிரே ஸ்ட்ரீட் பக்கம் வாங்குன நீல ஷ்வேஷ்வே துணியில (இந்த ஊரு அச்சுப் பருத்தித் துணி) ஸ்டீம்பங்க் கோர்செட் (விக்டோரியா காலத்து நீராவி யந்திர ஸ்டைல்ல, உடம்ப இறுக்கிக் கட்டுற உடுப்பு) ஒண்ணு தைச்சேன், கஞ்சி போட்டு நல்லா விறைப்பா இருக்கே உள்துணி எதுக்குன்னு ஒரே லேயர்ல முடிச்சுட்டேன், அங்கதான் மாட்டுனேன். வேர்வை வாடை போகட்டும்னு ஒரு தடவ அலசினேன் பாருங்க, கஞ்சி கரைஞ்சு தொளதொளன்னு ஆயிருச்சு, நீளமும் சுருங்கிருச்சு, முதுகுல கயிறை இழுத்ததும் ரெண்டு ஐலெட் (கயிறு கோக்குற உலோக வளையம்) பிச்சுக்கிட்டு கையோட வந்துருச்சு.

திரும்ப முதல்லருந்து. புதுத் துணிய வெந்நீர்ல ரெண்டு தடவ அலசி அயர்ன் பண்ணின பிறகுதான் வெட்டினேன். உள்ள காட்டன் டிரில் (கெட்டியான பருத்தித் துணி), இழுவைய அதுதான் தாங்கணும், ஷ்வேஷ்வே மேல அழகுக்கு மட்டும். ஐலெட்டுக்குப் பின்னாடி வாஷர், வரிசைக்கு ரெண்டு பக்கமும் ஒவ்வொரு போன் (bone, கோர்செட்ட விறைப்பா நிமித்தி வைக்கிற பட்டை). விக்டோரியா காலத்துல இதுக்கு திமிங்கிலத்தோட வாய்த்தகடு போட்டாங்க (எலும்புன்னு சொல்வாங்க, எலும்பு இல்ல), ஸ்டீலும் போட்டாங்க. நான் போட்டது ஹார்ட்வேர் கடை கேபிள் டை (ஒயரக் கட்டுற பிளாஸ்டிக் பட்டை), நல்ல தடிமனா பாத்து. முனைய லைட்டர்ல லேசா உருக்கி மழுக்கிடணும், இல்லாட்டி துணியக் குத்திக்கிட்டு வெளிய வரும். இந்த ஊரு ஈரக் காத்துக்கு துருவும் பிடிக்காது.

ஆயா பாத்துட்டு இதுல மூச்சு விட முடியுமான்னு கேட்டாங்க. முடியுது, உக்காந்து சாப்பிடதான் முடியல.