சாகச மங்காவில் தியாகக் காட்சி எழுதுவது எப்படி? முதல்முறை எழுதுபவர்களுக்கு

புதிதாக மங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதை, எழுதத் தொடங்கியவர்கள் படித்துப் பார்க்கச் சொல்லிக் கொடுக்கும் கதைகளில் பெரும்பாலும் ஒரு சாவு இருக்கும். நாயகனின் அண்ணனோ குருவோ குறுக்கே பாய்ந்து அடியை வாங்கிக்கொள்வார். ரத்தம் கக்கியபடி நீளமாக ஒரு வசனம் பேசிவிட்டுக் கண்ணை மூடுவார். வரைந்தவர் அழுதுகொண்டே வரைந்திருப்பார், அது கோட்டிலேயே தெரியும். ஆனால் படிக்கிறவர் கண் கலங்காமல் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்.

1997-ல் எய்சிரோ ஓடா 'ஒன் பீஸ்' தொடரின் முதல் அத்தியாயத்தை எழுதியபோது அதில் நல்லவர்கள் யாரும் சாகவில்லை. ஒரே ஒரு கை போகிறது. நீச்சல் தெரியாமல் கடலில் தத்தளிக்கும் சிறுவன் லூஃபியைக் காப்பாற்றப் போன கடற்கொள்ளையன் ஷாங்க்ஸின் இடது கையைக் கடல் மிருகம் கடித்துக்கொண்டு போகிறது. லூஃபி கதறி அழ, ஒரு கைதானே போயிற்று, நீ பிழைத்தாயே என்று அவன் சமாதானம் சொல்கிறான். அந்தப் பக்கத்தைப் படித்தவர்கள் இத்தனை வருடம் கழித்தும் மறக்கவில்லை.

இந்த இரண்டு காட்சிகளுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் இங்கே படிப்படியாகப் பார்க்கப் போகிறோம். என் கட்சி இதுதான்: எவ்வளவு கொடுத்தார் என்பதற்கு நம் மனசு அவ்வளவாக இளகுவதில்லை, கொடுத்ததைச் சொல்லிக் காட்டாதவரிடம்தான் இளகுகிறது. வீட்டிலும் அப்படித்தானே, "உனக்காக நான் என்னவெல்லாம் செய்தேன்" என்று ஒருவர் ஆரம்பித்தால் செய்ததன் அருமையே போய்விடுகிறது.

ஒவ்வொரு படியிலும் நாமே ஒரு சிறுகதையைக் கட்டிக்கொண்டு போவோம், எட்டுப் பக்கக் கதை. பென்சிலும் வெள்ளைத்தாளும் போதும். பெரிய தொடர்களின் கதைத் திருப்பங்களைச் சொல்ல வேண்டியிருக்கும், படிக்காதவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 1: போகப் போகும் பொருளை முதலில் ஆசையோடு வரையுங்கள்

ஒரு பாத்திரம் எதை இழக்கப் போகிறதோ, அது இல்லாமல் அந்த ஆளே இல்லை என்று வாசகருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். 'ஒன் பீஸ்' தொடரில் வரும் செஃப் என்ற கிழவரை எடுத்துக்கொள்ளுங்கள். இளமையில் கடற்கொள்ளைக் கப்பலின் தலைவர், அதே கப்பலின் சமையல்காரரும் கூட. கைகள் சமைப்பதற்கு என்று வைத்துக்கொண்டு காலால் மட்டுமே சண்டை போடுவார். 'சிவப்புக் கால்' என்பதுதான் அவருக்கு ஊர் வைத்த பெயர். பெயரே காலில் இருக்கிற மனிதர். அவருக்குக் கால் போனால் என்ன போகிறது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

நம் கதைக்கு வருவோம். ஹாரு என்று ஒரு பெண், பதினேழு வயது, கப்பலில் வரைபடம் வரைகிறாள். அப்பா பாதியில் விட்டுப்போன கடற்கரை வரைபடம் ஒன்றை ஏழு வருடமாக முடித்துக்கொண்டிருக்கிறாள். அதை எண்ணெய் பூசிய தோல் குழலில் சுருட்டி முதுகில் மாட்டியிருக்கிறாள். "இது என் உயிர்" என்று அவளை வசனம் பேச வைக்காதீர்கள். தூங்கும்போதும் குழலின் வாரைக் கையில் சுற்றிக்கொண்டு தூங்குவதாக ஒரு கட்டம் வரையுங்கள், போதும்.

படி 2: பறிகொடுத்ததா, கொடுத்ததா?

தொடக்கத்தில் எல்லாரும் குழப்பிக்கொள்வது இந்த இடத்தில்தான். விபத்தில் கை போனால் பரிதாபம் வரும், தப்புச் செய்து கை போனால் அது தண்டனை. தானாகத் தூக்கிக் கொடுத்தால்தான் அது தியாகம்.

2001 முதல் 2010 வரை ஹிரோமு அரகாவா எழுதிய 'ஃபுல்மெட்டல் அல்கெமிஸ்ட்' தொடரில் இந்த வித்தியாசம் ஒரே இரவில், ஒரே உடம்பில் இருக்கிறது. இறந்துபோன அம்மாவை ரசவாதத்தால் உயிர்ப்பிக்கப் பார்க்கிறார்கள் இரண்டு சிறுவர்கள். அந்தத் தடைசெய்யப்பட்ட காரியத்துக்கு விலையாக அண்ணன் எட்வர்டின் இடது கால் போகிறது, தம்பி அல்ஃபோன்ஸின் உடம்பு முழுவதுமே போகிறது. கால் போனது தண்டனை. அப்புறம் அந்த ரத்தத்திலேயே கிடந்து, தம்பியின் உயிரையாவது ஓர் இரும்புக் கவசத்தில் கட்டிவைக்க எட்வர்ட் தன் வலது கையைத் தானே விலையாக வைக்கிறான். கதை முடிவை நெருங்கும்வரை அவனுக்கு இரும்புக் காலும் இரும்புக் கையும் இருக்கின்றன. கால் அவன் செய்த தப்பை நினைவூட்டுகிறது, கை அவன் தம்பியை நினைவூட்டுகிறது. இரண்டும் ஒரே இரும்புதான், நாம் பார்க்கும் விதம்தான் வேறு.

ஆகவே ஹாருவின் வரைபடம் புயலில் அடித்துக்கொண்டு போகக் கூடாது, அவளே எடுத்துக் கொடுக்க வேண்டும். கப்பல் உடைகிறது. ஒரு சிறு படகில் அவளும், முந்தின நாள் அவள் ரொட்டியைத் திருடிய ஒரு பொடியனும் மிதக்கிறார்கள். இரவு. விளக்கில் எண்ணெய் தீர்ந்துவிட்டது. தூரத்தில் ஒரு கப்பலின் வெளிச்சம். படகில் நனையாமல் இருக்கிற ஒரே பொருள் குழலுக்குள் இருக்கும் வரைபடம். அதைக் கொளுத்திக் காட்டினால் கப்பல் திரும்பும்.

படி 3: யாருக்காக?

நன்றாக யோசித்தால் மேலே உள்ள காட்சியில் ஓர் ஓட்டை தெரியும். கப்பல் வந்தால் ஹாருவும்தானே பிழைக்கிறாள்? அப்படியானால் அவள் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தானே கொளுத்தினாள்? ஒரு வரியில் சரிசெய்துவிடலாம். அது கப்பல்கள் தினமும் போய்வரும் பாதை, விடிந்தால் எப்படியும் ஒன்று வரும், ஹாருவுக்கு அவசரமே இல்லை. காய்ச்சலில் கிடக்கும் பொடியன்தான் விடியும்வரை தாங்கமாட்டான். இப்போது அந்த நெருப்பு அவனுக்காக மட்டுமே எரிகிறது.

பெறுகிறவர் யாருமே இல்லாத தியாகமும் உண்டு, ஆனால் அது வேறு உணர்ச்சியைத் தரும். 'ஹன்டர் ஹன்டர்' தொடரில் நாயகச் சிறுவன் கோன் தன் எதிர்காலம் மொத்தத்தையும் எரித்து எதிரியை அடிக்கிறான், அதற்குள் காப்பாற்ற வேண்டிய மனிதர் இறந்துவிட்டிருக்கிறார். அந்த இடத்தில் நமக்குப் பயம்தான் வருகிறது. அதை எழுதிய யோஷிஹிரோ தொகாஷி அதைத்தான் விரும்பினார் என்று தோன்றுகிறது. நீங்கள் விரும்புவது அன்பு என்றால் பெறுகிறவரைக் காட்டுங்கள்.

படி 4: கொடுத்தவர் வாயைத் திறக்கக் கூடாது

செஃபிடம் திரும்புவோம். இந்தக் காட்சியைக் கையில் வைத்துக்கொண்டு கட்டம் கட்டமாகப் படிப்பது ஒரு பாடப்புத்தகத்துக்குச் சமம் என்பேன்.

புயலில் எல்லாம் போய், செஃபும் சிறுவன் சஞ்சியும் ஒரு பாறைத் தீவில் ஒதுங்குகிறார்கள். அதுவரை அவர் சஞ்சி இருந்த கப்பலைக் கொள்ளையடிக்க வந்தவர். கரை ஒதுங்கியதும் ஒரு சின்னப் பையைச் சஞ்சியிடம் போடுகிறார், அதில் சாப்பாடு. பெரிய மூட்டையைத் தானே வைத்துக்கொள்கிறார். நான் பெரியவன், என் வயிறும் பெரிது என்கிறார். நீ அந்தப் பக்கம் உட்கார், நான் இந்தப் பக்கம், கப்பல் வந்தால் சொல் என்று முதுகைக் காட்டி உட்கார்ந்துவிடுகிறார். வாசகருக்கும் சஞ்சிக்கும் ஒரே நேரத்தில் கோபம் வருகிறது. இப்படி ஒரு சுயநலக்காரனா!

எழுபதாவது நாள் வாக்கில், எலும்பும் தோலுமாகிவிட்ட சஞ்சி கத்தியை எடுத்துக்கொண்டு அந்த மூட்டையைப் பிடுங்கப் போகிறான். கிழித்தால் உள்ளே சாப்பாடே இல்லை, தங்கமும் நகையும் கொட்டுகின்றன. திரும்பிப் பார்க்கிறான், கிழவரின் ஒரு கால் இல்லை. இருந்த சாப்பாடு முழுவதும் தன்னிடம்தான் இருந்திருக்கிறது. பசி தாங்காமல் அவர் தன் காலையே தின்றிருக்கிறார்.

அனிமேயில், அதாவது இதன் அசைபட வடிவத்தில், இதை மாற்றிவிட்டார்கள், கடலுக்குள் சஞ்சியைக் காப்பாற்றும்போதே கால் போய்விடுகிறது. கேட்க அதிர்ச்சி குறைவுதான், ஆனால் எனக்கு மங்காதான் சரியென்று படுகிறது. அது பசியைப் பற்றிய கதை, இருவரும் சமையல்காரர்கள். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பிள்ளையை வளர்த்தாள் என்று நாம் சொல்வதை ஓடா அப்படியே உடம்பில் வரைந்திருக்கிறார்.

இதில் கவனிக்க வேண்டியது, செஃப் சும்மா மறைக்கவில்லை, தன்னைக் கெட்டவனாகக் காட்டிக்கொண்டு மறைக்கிறார். அத்தனை நாள் அந்தப் பிள்ளையின் வெறுப்பையும் சேர்த்துச் சுமந்திருக்கிறார். உண்மை வெளிவரும்போது நம் கோபம் முழுவதும் அப்படியே திரும்பி அன்பாகிறது. முன்னால் கோபம் எவ்வளவோ அவ்வளவு.

அதே தொடரில், வளர்ந்த சஞ்சியோடு லூஃபியின் கப்பலில் இருக்கும் வாள்வீரன் ஸோரோவும் இப்படித்தான். தலைவன் லூஃபியின் வலி அத்தனையையும் தன் உடம்பில் வாங்கிக்கொண்டு ரத்தக் குளத்தில் நிற்கிறான். என்ன ஆயிற்று என்று சஞ்சி கேட்கிறான். ஒன்றும் நடக்கவில்லை என்பதுதான் பதில். பிறகு உண்மை தெரிந்தும், சஞ்சி அதை மற்றவர்களிடம் சொல்ல விடுவதில்லை. வளர்த்தவர் வழி!

நம் கதையில், மீட்புக் கப்பலில் கண் விழிக்கும் பொடியன் கேட்கட்டும்: "அக்கா, உன் மேப் எங்கே?" ஹாரு சொல்லட்டும்: "நனைஞ்சு போச்சு." அவ்வளவுதான். கண்ணீர்த் துளி வரையக் கை துறுதுறுக்கும், வரையாதீர்கள். கொளுத்தும் காட்சியையும் எடுத்துவிடுங்கள். படகில் இருட்டு, தூரத்து வெளிச்சம், அடுத்த கட்டத்தில் காலை.

படி 5: கண்டுபிடிப்பவரும் பக்கத் திருப்பமும்

மறைத்ததை யாராவது கண்டுபிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் கதை மறைந்தே போய்விடும். பெற்றவரே கண்டுபிடிப்பது நல்லது. அதற்கு உதவுவது பக்கத்தைத் திருப்பும் அந்த ஒரு நொடி. ஜப்பானில் இதை 'மெகுரி' என்பார்கள். விரித்த இரு பக்கங்களின் கடைசிக் கட்டத்தில் கேள்வியை வைத்து, திருப்பியதும் பதில் கண்ணில் படும்படி அமைப்பது. வழக்கமான அமைப்பில் 2-3, 4-5, 6-7 என்று பக்கங்கள் எதிரெதிராக வரும். ஆக 5-ஆம் பக்கக் கடைசிக் கட்டத்தில் பொடியனின் விரல்கள் குழலின் மூடியில். 6-ஆம் பக்கம் முழுவதும் ஒரே படம்: குழலின் உள்பக்கம், கரி, எரிந்து மிஞ்சிய ஒரு மூலையில் அப்பாவின் கையெழுத்தில் ஓர் ஊர்ப்பெயர்.

படி 6: திருப்பித் தராதீர்கள்

ஷாங்க்ஸின் கை திரும்ப வரவில்லை. 'டிராகன் பால்' போல இறந்தவர்கள் திரும்பி வரும் கதையிலும்கூட அகிரா தொரியாமா ஒரு கணக்கு வைத்திருந்தார். சிறுவன் கோஹானை மறைத்துப் பிக்கோலோ சாகும்போது, அவனோடு உயிர் பிணைந்த காமி என்ற காவல் தெய்வமும் சாகிறார், ஆசையை நிறைவேற்றும் பூமியின் உருண்டைகளும் பயனற்றுப் போகின்றன. விலையை அங்கேயே திரும்பப் பெற முடியாது, வேறு கிரகத்துக்கே போக வேண்டியிருக்கிறது.

போனது போனதுதான், ஆனால் அது வேறு உருவத்தில் தொடரலாம். சஞ்சி கைகளைச் சண்டைக்குப் பயன்படுத்துவதில்லை, காலால்தான் அடிப்பான். கிழவரின் கால் அவன் உடம்பில் நடமாடுகிறது. பசி என்று வந்தவன் எதிரியே ஆனாலும் முதலில் தட்டை வைக்கிறான்.

இனி முழுதாக ஒரு முன்வரைவு போடுங்கள். மங்காக்காரர்கள் இதை 'நேம்' என்பார்கள். கட்டங்கள், குச்சி மனிதர்கள், வசனம், இது மட்டும் போதும். 1-2 பக்கங்களில் ஹாருவும் வரைபடமும் ரொட்டித் திருட்டும். 3-ல் படகும் காய்ச்சலும் தூரத்து வெளிச்சமும். 4-ல் மீட்புக் கப்பலும் "நனைஞ்சு போச்சு" என்ற பதிலும். 5, 6 மேலே சொன்னபடி. 7-ல் வசனமே வேண்டாம், பொடியன் குழலை இருந்த இடத்திலேயே வைக்கிறான், கப்பல் விளிம்பில் நிற்கும் ஹாருவின் முதுகைப் பார்க்கிறான்.

8-ஆம் பக்கத்துக்கு நான் இரண்டு முடிவுகள் யோசித்தேன். பொடியன் அழுது மன்னிப்புக் கேட்பது ஒன்று. அதை விட்டுவிட்டேன், கேட்டால் ஹாரு பதில் சொல்ல வேண்டிவரும். மற்றது இது: இரவுச் சாப்பாடு கொடுக்கிறார்கள். அவன் தன் ரொட்டியைப் பாதியாகப் பிய்த்து, பெரிய துண்டை அவளுடைய காலிக் குழலின் மேல் வைத்துவிட்டு, அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்து சாப்பிடுகிறான்.