டிஸ்க் கோல்ஃப் புட்டர் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்: கிளைடு எண்ணை எவ்வளவு நம்பலாம்?

பறக்கும் டிஸ்க்கை வீசி, சங்கிலி தொங்கும் பாஸ்கெட்டில் முடிந்தவரை குறைந்த எறிதலில் போடும் ஆட்டம்தான் டிஸ்க் கோல்ஃப். இதைப் பழக வருகிறவர்கள் தூரமாகப் பறக்கும் டிஸ்க்கைத்தான் முதலில் தேடுகிறார்கள். ஆனால் எந்த ஹோலாக இருந்தாலும் பாஸ்கெட்டில் போடும் கடைசி எறிதல், அதாவது புட், பெரும்பாலும் அதற்கென்றே உள்ள புட்டர் என்ற டிஸ்க்கில்தான் முடிகிறது. அதனால் முதல் காசை நல்ல புட்டருக்குச் செலவழியுங்கள் என்று யாரிடமும் சொல்வேன். வடசென்னையில் திருவொற்றியூர், காசிமேடு, எண்ணூர் பக்கம் கடலோரத்தில் ஆடப்போகிறவர்களிடம் இன்னும் அழுத்திச் சொல்வேன். கடலிலிருந்து தள்ளி மரங்களுக்கு நடுவே ஆடுகிறவருக்குச் சரியாக இருக்கும் புட்டர் இந்தக் காற்றில் சரியாக இருக்காது.

டிஸ்க்கின் மேல் நான்கு எண்கள் அச்சடித்திருக்கும்: ஸ்பீடு, கிளைடு, டர்ன் (வேகமாகப் பறக்கும்போது ஒரு பக்கம் சாய்வது), ஃபேடு (வேகம் குறையும்போது எதிர்ப் பக்கம் இறங்குவது). இன்னோவா நிறுவனம் பரப்பிய முறை இது. இப்போது பெரும்பாலான நிறுவனங்கள் இதையே பின்பற்றுகின்றன. இதில் கிளைடு 1 முதல் 7 வரை போகும். டிஸ்க் எவ்வளவு நேரம் காற்றில் மிதந்து நிற்கும் என்பதற்கான அடையாளம் அது. இன்னோவாவின் ஏவியார் 2/3/0/1. அதாவது வேகம் குறைவு, மிதப்பு நடுத்தரம், நேராகப் போய்க் கடைசியில் லேசாக ஒரு பக்கம் இறங்கும். காஸ்டாபிளாஸ்டின் பெர்க் 1/1/0/2. கையை விட்டுப் போனதும் சீக்கிரமே தரையைத் தேடும். லாட்டிட்யூட் 64-இன் டாகருக்குக் கிளைடு 5.

இங்கேதான் முதல் தவறு நடக்கிறது. 5 என்றால் 3-ஐவிட நல்லது என்று எண்ணிவிடுகிறோம். பரீட்சை மதிப்பெண்ணைப் போல இந்த எண்ணைப் படிக்கவே கூடாது. இன்னொன்றும் உண்டு. எல்லா டிஸ்க்கையும் ஒரே ஆய்வுக்கூடத்தில் வைத்து அளந்து போட்ட எண் இல்லை இது. ஒவ்வொரு நிறுவனமும் தன் டிஸ்க்குகளைப் பறக்கவிட்டுப் பார்த்துத் தானே போட்டுக்கொள்வது. ஒரே நிறுவனத்தின் இரண்டு புட்டர்களை ஒப்பிட அது உதவும். இந்த நிறுவனத்தின் 3-ஐயும் அந்த நிறுவனத்தின் 3-ஐயும் பக்கத்தில் வைத்து முடிவெடுத்தால் ஏமாற்றம்தான்.

சரி, புட்டிங்கில் கிளைடு எவ்வளவு முக்கியம்? பாஸ்கெட்டிலிருந்து 5, 6 மீட்டருக்குள் நின்றால் கிட்டத்தட்ட முக்கியமே இல்லை. அந்தத் தூரத்தில் டிஸ்க் காற்றில் இருப்பது ஒரு நொடிகூட இருக்காது. மிதந்து காட்ட அதற்கு நேரம் ஏது? அங்கே உங்கள் கை டிஸ்க்கை எப்படி விடுகிறது என்பதுதான் எல்லாம். 10 மீட்டரை நெருங்கும்போது கிளைடு தலைகாட்டும். 10 முதல் 20 மீட்டர் வரை நன்றாகவே தெரியும். 10 மீட்டருக்குள் நின்று புட் செய்தால், டிஸ்க்கை விட்டபின் நிலையாக நின்று காட்டிவிட்டுத்தான் முன்னே போகலாம் என்பது விதி. அதைத் தாண்டிவிட்டால் ஓரடி எடுத்துவைத்தோ துள்ளியோ வேகம் சேர்க்கலாம். கை வலு குறைவாக உள்ளவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் இந்தத் தூரத்தில் கிளைடு 4 உள்ள புட்டர் உண்மையிலேயே உதவும். அதை மறுக்க மாட்டேன்.

ஆனால் அந்த உதவியின் விலையைக் காற்று வசூலித்துவிடும். பலர் கணக்கில் எடுக்காத விஷயம் இது. கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

டிஸ்க்கைத் தூக்கிப் பிடிக்கும் விசை, டிஸ்க்குக்கும் காற்றுக்கும் இடையே உள்ள வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. கணக்குக்காக ஒரு புட் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். எதிரே 15 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால் டிஸ்க் உணரும் வேகம் 45. ஒன்றரை மடங்கு வேகம் என்பதால் தூக்கும் விசை இரண்டே கால் மடங்காகிறது. அதே காற்று முதுகுப் பக்கமிருந்து வந்தால் டிஸ்க் உணர்வது வெறும் 15; தூக்கும் விசை கால் பங்காகிவிடும். ஆக ஒரே மைதானம், ஒரே கை, ஒரே டிஸ்க். நிற்கிற பக்கம் மாறினால் விசையில் ஒன்பது மடங்கு வித்தியாசம். எதிர்க்காற்றில் மூக்கு, அதாவது முன்விளிம்பு, சற்றே மேலே தூக்கிய டிஸ்க், சங்கிலிக்கு மேலே ஏறிப் பறந்துவிடும். பின்காற்றில் அதே டிஸ்க் பாஸ்கெட்டுக்கு முன்னாலேயே பொத்தென்று விழும். கிளைடு அதிகமுள்ள புட்டரில் இந்த ஏற்ற இறக்கம் பெரிதாகத் தெரியும். கிளைடு 1, 2, 3 உள்ளவற்றில் அடங்கியிருக்கும்.

தவறிய புட் எங்கே போய் நிற்கிறது என்பதையும் பாருங்கள். குறைந்த கிளைடுள்ள டிஸ்க் தவறினால் பாஸ்கெட்டுக்குப் பக்கத்திலேயே விழும், அடுத்த புட் சுலபம். மிதக்கும் டிஸ்க் தவறினால் தாண்டிப் போய் விழும். அங்கிருந்து திரும்பி வர இன்னொரு கடினமான புட், அதுவும் இப்போது காற்று எதிர்த் திசையில். எண்ணூர் விரைவுச் சாலையை ஒட்டிக் கடல் அரிப்பைத் தடுக்கக் கொட்டியிருக்கும் பாறைகளைப் பார்த்தவர்களுக்கு, தாண்டிப் போகும் டிஸ்க்கைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

இதிலிருந்து கிளைக்கும் தவறு, விடியற்காலையில் மட்டும் பழகிவிட்டு அதை வைத்து புட்டரைத் தீர்மானிப்பது. கோடையில் காலை நேரம் கரையிலிருந்து வரும் காற்று. மதியத்தை ஒட்டிக் கடல்காற்று கிழக்கிலிருந்து உள்ளே நுழையும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குக் காற்று. காலை ஆறரைக்கு அற்புதமாகப் பறக்கும் கிளைடு 5 டிஸ்க் மாலை நாலரைக்கு வேறொரு டிஸ்க். வாங்கும் முன் நண்பரிடம் இரவல் வாங்கி, மாலையில் 12 மீட்டர் தூரத்தில் ஒரு கோடு போட்டுக்கொண்டு, காற்றுக்கு எதிராகச் சில எறிதல், காற்றோடு சில எறிதல் போட்டுப் பாருங்கள். பாஸ்கெட் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஒரு கம்பு நட்டால் போதும். இரண்டு பக்கமும் டிஸ்க் விழும் இடங்களுக்கு இடையே எவ்வளவு இடைவெளி என்று பார்த்தால், அச்சடித்த எண் சொல்லாததை அது சொல்லிவிடும். வியாசர்பாடி, பெரம்பூர் மாதிரி கடலிலிருந்து தள்ளி, கட்டடங்கள் சூழ்ந்த மைதானத்தில் மட்டும் ஆடுவீர்கள் என்றால் இந்தக் கவலை பாதியாகக் குறையும். கிளைடு 4 அங்கே தாராளமாக ஒத்துவரும்.

டிஸ்க்கை ஆளுக்கு ஆள் வீசிப் பிடிக்கும் குழு ஆட்டமான அல்டிமேட் ஃபிரிஸ்பீ ஆடிவிட்டு இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. அல்டிமேட் டிஸ்க்கின் எடை 175 கிராம். நல்ல புட்டர்களின் எடையும் ஏறக்குறைய அதுதான். ஆனால் அல்டிமேட் டிஸ்க் 27 சென்டிமீட்டர் அகலம், புட்டர் 21 சென்டிமீட்டர் சொச்சம். அதே எடை பெரிய பரப்பில் விரிந்திருப்பதால்தான் அது அப்படி மிதக்கிறது. அந்த மிதப்புக்குப் பழகிய கை, புட்டரிலும் அதையே தேடி அதிகக் கிளைடில் போய் நிற்கும். பிடிக்க ஆள் இருக்கும் ஆட்டத்தில் மிதப்பு வரம். சங்கிலியில் அடித்து நிற்க வேண்டிய ஆட்டத்தில், சொன்ன இடத்தில் இறங்குவதுதான் தேவை.

கையில் பிடித்துப் பார்க்காமல் ஆன்லைனில் எண்ணை மட்டும் பார்த்து வாங்குவது அடுத்த தவறு. என்னைக் கேட்டால் கிளைடைவிட இதுவே பெரியது. வடசென்னைக்குக் கேரம் புதிதில்லை. 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகப் போட்டியில் மூன்று தங்கம் வென்ற காசிமா புதுவண்ணாரப்பேட்டைக்காரர். அங்கே யாரும் ஸ்ட்ரைக்கரைப் படம் பார்த்து வாங்குவதில்லை. பலகையில் வைத்து நாலு முறை தட்டி, விரலுக்கு ஒத்துவந்தால்தான் எடுப்பார்கள். புட்டரும் அப்படித்தான். சிலவற்றின் ரிம்முக்கு, அதாவது விளிம்புக்கு, அடியில் பீட் என்று ஒரு சிறு மேடு ஓடும், சிலவற்றில் அது இருக்காது. டைனமிக் டிஸ்க்ஸின் ஜட்ஜில் பீட் உண்டு, வார்டனில் இல்லை. இரண்டும் பறக்கும் விதம் கிட்டத்தட்ட ஒன்றுதான். எது விரலில் ஒட்டுகிறதோ அதை எடுங்கள். ரிம்மின் ஆழமும் முக்கியம். விரலை உள்ளே மடக்கும்போது நெருக்கினால் அந்த டிஸ்க் உங்களுடையது இல்லை.

பிளாஸ்டிக் விஷயத்தில், விலை அதிகமானது உயர்ந்தது என்று போகாதீர்கள். பளபளக்கும் பிரீமியம் பிளாஸ்டிக் நீண்ட நாள் உழைக்கும், ஆனால் சென்னைப் புழுக்கத்தில் வியர்த்த விரலுக்கு வழுக்கும். மலிவான பேஸ் பிளாஸ்டிக் கையைப் பிடித்துக்கொள்ளும், சங்கிலியிலும் நன்றாக ஒட்டும். அது சீக்கிரம் அடிபட்டு ஃபேடு குறைந்துபோகும் என்பது உண்மை. அதனால் ஒரே மாதிரி இரண்டு வாங்கி, புட்டிங்குக்கு மட்டும் வைத்துக்கொண்டு, மரத்திலும் தார் ரோட்டிலும் போய் மோதக்கூடிய, பாஸ்கெட்டை நெருங்குவதற்கான அப்ரோச் எறிதல்களுக்கு வேறொன்றை வைத்துக்கொள்வது நல்லது. பழகுவதற்கும் இரண்டு இருந்தால்தான் வசதி.

எடையில் மிச்சம் பிடிக்க வேண்டாம். விதிப்படி விட்டத்தின் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 8.3 கிராம்வரை அனுமதி. 21.2 சென்டிமீட்டர் புட்டருக்கு அது 175 கிராம் சொச்சம் வரும். கடலோரத்தில் ஆடும் பெரியவர்கள் 170-க்கு மேல் எடுங்கள். லேசான டிஸ்க்கைக் காற்று சுலபமாகத் தூக்கும், அதில் கிளைடும் அதிகமாக இருந்தால் சொல்லவே வேண்டாம். பிள்ளைகளுக்கு 150 கிராமை ஒட்டியவை கிடைக்கின்றன.

அப்புறம், வாங்கியதை வண்டிப் பெட்டியில் போட்டு வெயிலில் நிறுத்தாதீர்கள். மென்மையான பேஸ் பிளாஸ்டிக் மே மாதச் சூட்டில் வளைந்துவிடும். மேல்பக்கம் உப்பினாலோ தட்டையானாலோ மிதப்பே மாறிப்போகும். லேசாக வளைந்திருந்தால் வெதுவெதுப்பான நீரில் கொஞ்ச நேரம் போட்டு, சமதளத்தில் வைத்து ஆறவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.