முகட்டுக்குள் அணில்: ஓட்டையை அடைக்கும் முன் செய்ய வேண்டியவை

எங்கள் வீடு மட்டக்களப்பின் கல்லடியில், ஓடு போட்ட பழைய வீடு. ஒரு பக்கம் மாமரம், மறுபக்கம் தென்னை. சென்ற ஆண்டு கச்சான் காற்று தொடங்கிய நாட்களில் காலை ஆறு மணிக்கெல்லாம் சீலிங்குக்கு மேலே ஓட்டமும் கொறிப்பும் கேட்கத் தொடங்கின. நான்காம் நாள் முன்னறை விளக்கு அணைந்தது. பலகையைக் கழற்றிப் பார்த்தபோது, வயரின் உறை ஒரு சாண் நீளத்துக்கு உரிந்து உள்ளே செம்பு தெரிந்தது.

உங்கள் வீட்டிலும் இப்படி நடந்திருந்தால் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, மின் வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். புதிய வயரைப் பி.வி.சி. குழாய்க்குள் விடச் சொல்லுங்கள். அணிலின் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்பவை. எதையாவது கொறித்துத் தேய்த்தே ஆக வேண்டும் என்பதால், தீனி போட்டு அதை வயரிலிருந்து விலக்கிவிட முடியாது.

அடுத்து, அது அணில்தானா என்று பாருங்கள். அணில் பகலில் நடமாடும் பிராணி. இரவு பத்து மணிக்குச் சத்தம் கேட்டால் அது பெரும்பாலும் எலி. அதற்கு வழி வேறு. அணில்தான் என்றால், விடியற்காலையில் கிணற்றடியில் நின்று கூரையைக் கவனியுங்கள். இரண்டு நாள் பார்த்தால் எந்த ஓட்டின் கீழிருந்து வெளியே வருகிறது என்பது தெரிந்துவிடும். எங்கள் வீட்டில் அது மழைத்தண்ணீர் ஓடும் பீலிக்கு மேலே, ஓடு விலகிய மூன்று விரல் இடைவெளி.

இனி நான் பிழை விட்ட இடம். ஓட்டையைக் கண்ட அன்றே சிமெந்து குழைத்து அடைத்துவிட்டேன். அணில் அப்போது வெளியே போயிருந்தது. திரும்பி வந்து அடைத்த இடத்தை முகர்ந்தது. பிறகு ஓட்டின் மேல் நின்று, வாலை உதறி உதறி, மத்தியானம் வரை விடாமல் கத்தியது. எங்கள் பெத்தா திண்ணையில் இருந்தபடியே, “மகன், உள்ளே குஞ்சு கிடக்கிறது. இல்லாவிட்டால் அது இப்படி நின்று கத்தாது” என்றார். ஈரச் சிமெந்தைத் தோண்டி எடுத்தேன். கைமரத்தின் இடுக்கில் தும்பும் பஞ்சும் பழைய சாரத்தின் நூலும் சேர்த்துப் பின்னிய கூடு. அதற்குள் கண் திறக்காத, மயிர் முளைக்காத மூன்று குஞ்சுகள். நான் ஏணியை விட்டு இறங்கி விலகியதும் தாய் உள்ளே போய்விட்டது. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் மூன்றும் செத்திருக்கும்; முகட்டுக்குள் நாற்றமும் புழுவும் வந்திருக்கும்.

ஆகவே அடைப்பதற்கு முன் கூடு இருக்கிறதா என்று பாருங்கள். குஞ்சு இருந்தால் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. அவை பால் மறக்க ஏறத்தாழ 10 வாரம் ஆகும். அதுவரை வயரைக் காப்பாற்றிக்கொண்டு பொறுத்திருங்கள். நான் பொறுத்திருந்தேன், வீட்டுக்கு வேறு சேதம் வரவில்லை.

குஞ்சுகள் வெளியே ஓடித் திரியத் தொடங்கிய பிறகு, ஓட்டைக்கு வெளிப்பக்கம் ஒரு வழிக் கதவு வைக்க வேண்டும். உள்ளங்கையளவு கம்பி வலைத் துண்டின் மேல் விளிம்பை மட்டும் ஆணியில் தொங்கவிடுங்கள். உள்ளிருந்து முட்டினால் திறக்கும். வெளியிலிருந்து தள்ளினால் சட்டத்தில் இடித்து நிற்கும். மூன்று நாள் கழித்துக் கதவை எடுத்துவிட்டு, பத்திரிகைத் தாளைப் பந்தாகச் சுருட்டி ஓட்டையில் தளர்வாகச் செருகுங்கள். மழையில்லாத இரண்டு பகல் முழுவதும் தாள் அசையாமல் இருந்தால் உள்ளே எதுவும் இல்லை. தாள் கிழிந்தோ கீழே விழுந்தோ கிடந்தால் கதவைத் திரும்பவும் மாட்டுங்கள். தாள் சோதனை முடியாமல் சிமெந்தைத் தொடாதீர்கள்.

வலையைப் பற்றி ஒரு சொல். கோழிக்கூட்டுக்கு அடிக்கும் அறுகோண வலை வேண்டாம். கம்பி மெல்லியது, கடற்காற்றில் விரைவில் துருப்பிடித்துக் கையோடு உதிரும். பிளாஸ்டிக் வலையை அணில் ஒரே காலையில் அறுத்துவிடும். அரை அங்குலக் கண் உள்ள, நாகம் (துத்தநாகம்) பூசிய பற்றவைத்த வலையை வாங்குங்கள். விலை கூடத்தான், ஆனால் ஒருமுறை வாங்கினால் போதும். அதை ஓட்டைக்குள் மடித்துச் செருகி, அதன் மேல் சிமெந்து பூச வேண்டும். வெறும் சிமெந்து வெடித்தால் அணில் அந்த வெடிப்பிலேயே தொடங்கும்.

கூரையைத் தொடும் கிளைகளை ஆறு அடிக்குக் குறையாமல் வெட்டி விலக்குங்கள். தென்னையின் பச்சை ஓலையை மட்டும் வெட்டாதீர்கள், காய்ப்புக் குறையும். கயிறு கட்டி மறுபக்கம் இழுத்துவிட்டாலே போதும்.

மாதுளையும் கொய்யாவும் வைத்திருப்பவர்கள் காய் முற்றும் முன்பே உறை கட்டிவிடுங்கள். பொலித்தீன் பை கட்டினால் உள்ளே வியர்த்துப் பழம் அழுகும். யன்னலுக்கு அடிக்கும் அலுமினிய நுளம்பு வலையை வெட்டிப் பையாகத் தைத்து, காம்போடு சேர்த்துக் கட்டுவதுதான் எனக்குப் பிடித்த முறை. பலாப்பழத்துக்கு உரப்பையின் இரு முனையையும் திறந்து, காற்றோட்டமாகச் சுற்றினால் போதும்.

கொச்சிக்காய்த் தண்ணீரும் உதவும். இரண்டு மேசைக்கரண்டி கொச்சிக்காய்த் தூளை ஒரு லீற்றர் தண்ணீரில் கொதிக்கவைத்து, ஆறியதும் துணியில் வடித்து, சில துளி பாத்திரம் கழுவும் திரவம் சேர்த்துக் கிளைகளில் தெளியுங்கள். பாலூட்டிகளுக்கு அந்த உறைப்பு எரியும், பறவைகளுக்கு உறைக்காது. காற்று எழும் முன் காலையிலேயே தெளித்துவிடுங்கள். கச்சான் வீசும் மத்தியானத்தில் தெளித்தால் முழுவதும் உங்கள் கண்ணுக்கே திரும்பும். மழை பெய்தால் மறுபடியும் தெளிக்க வேண்டும்.

எலி நஞ்சு வைக்காதீர்கள். நஞ்சு தின்ற அணிலைப் பூனையோ ஆந்தையோ சாரைப்பாம்போ தின்றால் அவையும் சாகக்கூடும். கோழிகளும் பிள்ளைகளும் திரியும் வளவில் அதைப் போடவே கூடாது. பசைத் தட்டும் வேண்டாம்; அதில் ஒட்டிக்கொண்ட பிராணி மணிக்கணக்கில் துடித்துச் சாகிறது. கூண்டு வைத்துப் பிடித்துத் தூர விட்டால் அந்த இடத்துக்கு வேறு அணில் வரும். கூட்டில் குஞ்சு இருந்தால் அவையும் போய்விடும்.

பின்னர் சேர்த்தது: திருக்கோவில் ஊர்ப் பக்கமிருந்து ஒரு அக்கா, தென்னையில் இளங்காயையே துளைத்துக் குடைகிறது, அதுவும் அணிலா என்று கேட்டிருந்தார். அது மர அணிலாக இருக்கலாம். முதுகில் மூன்று கோடு இருக்காது, உடலும் பல மடங்கு பெரியது. 2025 மார்ச் 15 அன்று காலை 8 மணி முதல் 8.05 வரை இலங்கை முழுவதும் நடந்த கணக்கெடுப்பில் குரங்கு, மயிலோடு எண்ணப்பட்டது அதுதான். மேலே சொன்ன சிறு கதவும் பையும் அதற்குப் போதாது. தனித்து நிற்கும் தென்னை என்றால், அடிமரத்தில் ஆளுயரத்துக்கு மேலே இரண்டடி அகலத் தகரம் சுற்றிப் பார்க்கலாம். பக்கத்து மரத்தின் ஓலை தொட்டுக்கொண்டிருந்தால் தகரத்தால் பயனில்லை.

இன்னொருவர் அஸ்பெஸ்டஸ் கூரைக்கு என்ன செய்வது என்று கேட்டார். தகட்டின் அலைகளுக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள இடைவெளிகளே வாசல். தகட்டைத் துளைக்கவோ உடைக்கவோ வேண்டாம், அந்தத் தூசு நுரையீரலுக்குக் கேடு. ஒவ்வொரு இடைவெளிக்கும் வலையைச் சுருட்டிச் செருகிச் சாந்து பூசுங்கள். ஒன்றை விட்டாலும் அதன் வழியாகவே வரும். மாரி தொடங்கினால் ஈரத்தகட்டின் அருகே ஏணி வைக்க முடியாது, ஒக்டோபருக்குள் முடித்துவிடுங்கள்.